முழங்கையால் திறக்கும் குழாய்

சமயநல்லூர்
கார்த்திகை 19, புதன்கிழமை

அன்பு மகள் சரண்யாதேவிக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே பெரிய நோவு எதுவும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரன் முகிலனும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்கவேண்டும் என்று நம் குலசாமியை நினைத்துக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது தாயி. முகம் தெரிந்தால் என்னால் சொல்ல முடியவில்லை. இந்த வாரத்தில் மட்டும் நாலு தடவை ஆரம்பித்தேன், நாலு தடவையும் சாப்பிட்டாயா, பிள்ளை தூங்கிவிட்டானா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். தபாலில் பத்துப் பன்னிரண்டு நாளில் வந்துவிடும் என்று போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள். நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே உன் கையில் இருக்கும். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நானும் நினைக்கிறேன். வேலைக்குப் போகிற அவசரத்தில் பிரிக்காதே, லீவு நாளில் உட்கார்ந்து படி.

இங்கே பத்து நாளாக விட்டுவிட்டு மழை. போன வாரம் சிம்மக்கல் போனபோது பாலத்தில் நின்று பார்த்தேன், வைகையில் செம்மண் நிறத்தில் தண்ணீர் போகிறது, ஆகாயத்தாமரையை எல்லாம் புரட்டிக்கொண்டு போகிறது. நம் தெருவில் பைப் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை இன்னும் ஒழுங்காக மூடவில்லை, பக்கத்து வீட்டுச் சோணையம்மாள் அதில் கால் இடறிக் கணுக்கால் வீங்கி ஒரு வாரம் நொண்டினாள். அந்தக் காலோடும் எனக்குக் காலையில் இட்லியோ தோசையோ கொண்டுவந்து வைத்துவிடுவாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை, "மதினி இருந்தா நான் எதுக்குண்ணே குடுக்கப்போறேன்" என்பாள். சுகர் நூற்று அறுபதில் நிற்கிறது, டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை, நடக்கச் சொன்னார், நடக்கிறேன். கொய்யா மரத்தில் இந்த வருடம் காய் அதிகம், பாதியை அணில் தின்றுவிடுகிறது. முகிலன் வரும்போது நாலு பழமாவது கிளையில் இருக்கவேண்டும் என்று வலை வாங்கிக் கட்டியிருக்கிறேன். அவனிடம் தமிழிலேயே பேசு. பதில் எந்தப் பாஷையில் வந்தாலும் பரவாயில்லை, நீ தமிழில் பேசு.

இனி குழாய் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் முதல் வருடத் திதிக்குப் பிள்ளையோடு வருகிறோம், ஒரு மாதம் இருப்போம் என்று நீ போன மாதம் சொன்னாய். சொல்லிவிட்டு, "அப்பா, அந்தத் தொறக்க வராத பாத்ரூம் பைப்ப மட்டும் மாத்தி வைங்கப்பா, பிள்ளைய வச்சுக்கிட்டுப் பின்னாடி தகரத்துக்குள்ள குளிக்க முடியாது" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய், நானும் சரி என்றேன். ஆனால் அந்தச் சரியைச் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ காரியம் முடிந்து கிளம்பின அன்றைக்கே நான் அந்த அறைக்கு வெளிநாதாங்கி வைத்துப் பூட்டுப் போட்டுவிட்டேன், அது உனக்குத் தெரியாது. பத்து மாதமாக நான் கொல்லைத் தகர மறைப்புக்குள் மோட்டார் தண்ணீரைப் பிடித்துத்தான் குளிக்கிறேன். பூட்டினால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. காலையில் எட்டரை மணி வாக்கில் அதற்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். அம்மாவின் எவர்சில்வர் வாளி உனக்கு ஞாபகம் இருக்கும், வெறும் வாளியில் தண்ணீர் விழும்போது முதலில் கணீரென்று ஒரு சத்தம், நிறைய நிறைய அது கனத்துக்கொண்டே போகும், பிறகு வழிந்து தரையில் சளசளவென்று விழும். இந்த மூன்றும் அதே வரிசையில் கேட்கும். நிற்காது. நான் எழுந்துபோய்ப் பூட்டைத் திறந்தால்தான் நிற்கும். உள்ளே தரை காய்ந்து கிடக்கும், வாளி கவிழ்த்த இடத்தில் கவிழ்ந்தபடி இருக்கும், அதன்மேல் பல்லி எச்சம் இருக்கும். நான் குடிப்பவன் இல்லை, பேய் பிசாசு என்று ஊரைக் கூட்டுபவனும் இல்லை, உனக்குத் தெரியும். ஒரு நாள் சோணையம்மாளிடம், காலையில் எங்கள் வீட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் உனக்குக் கேட்கிறதா என்று கேட்டேன். "எனக்குக் கேக்கலண்ணே, ஆனா நீங்க பூட்டத் தொறக்குற சத்தம் நெதமும் கேக்குது" என்றாள்.

நம் தெருவுக்கெல்லாம் பிளம்பர் வேலை பார்க்கும் அருள்பாண்டியைக் கூட்டிவந்தேன். அவன் உள்ளே போனதும் குழாயைத் திறந்து பார்த்தான், அசையவில்லை, ஸ்பேனர் போட்டான், அப்போதும் அசையவில்லை. "அண்ணே, யாரு இப்பிடி இறுக்குனது? மனுசன் மூடுன மாதிரி இல்லையே" என்றான். நான்தான்ப்பா, அன்றைக்கு மூடியது நான்தான் என்றேன். அம்மா விழுந்த அன்றைக்கு அவளைத் தூக்கி வெளியே கிடத்திவிட்டு நான் திரும்ப உள்ளே போய் அந்தக் குழாயை இரண்டு கையாலும் மூடினேன், என் பலம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் அதில் போட்டேன். அதற்குப் பிறகு அது திறக்கவே இல்லை. அப்படித் திறக்கமுடியாத குழாயிலிருந்துதான் எனக்கு இந்தப் பத்து மாதமும் தண்ணீர் கேட்டிருக்கிறது. அருள்பாண்டியிடம் சத்தத்தைப் பற்றியும் சொன்னேன், "மேல தொட்டி ரொம்பையில பைப்புக்குள்ள காத்து ஏறும்ணே, அது இப்பிடிச் சத்தம் குடுக்கும்" என்றான். இருக்கும் என்று தலையாட்டினேன். முப்பத்திரண்டு வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன் நான், குழாயில் காற்று ஏறினால் எப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியாதா. அவன் ஓங்கித் திருகியதில் குழாய் பாதியில் முறிந்து மரைப்பகுதி சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது. உளி வைத்து வெட்டி எடுத்தான், டைல்ஸ் இரண்டு உடைந்தது. ஓட்டையை அடைத்துவிட்டு, "அரை இஞ்சுக் குழாய்ண்ணே, எந்த மாடல்னு நீங்களே சிம்மக்கல்லுல போய்ப் பாத்து வாங்கிட்டு வாங்க, நான் வாங்கிட்டு வந்தா பெறகு பிடிக்கலம்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் டவுன் பஸ் ஏறிச் சிம்மக்கல்லில் இறங்கினேன். நாலு கடை தாண்டி ஒரு கடையில் ஒரு அம்மா கல்லாவில் இருந்தாள், முனீஸ்வரி என்று பேர், நாற்பத்தைந்து வயது இருக்கும், அவளே கடையையும் பார்த்து அவளே ஏணியில் ஏறிப் பெட்டியையும் எடுக்கிறாள். சுவரில் ஒரு பெரிய பலகை முழுக்கக் குழாய்களைத் திருகி வைத்திருந்தார்கள், நாற்பது ஐம்பது இருக்கும். ஒன்றிலும் தண்ணீர் வராது. எல்லாக் குழாயும் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, ஆனால் வெயில் பட்டால் வெளுத்து நொறுங்கும். பித்தளை கனமானது, முலாம் போட்டது. மூக்கு நீளமாக இருந்தால் வாளி வைக்க வசதி, ஆனால் வீட்டில் குழந்தை இருந்தால் குனிந்து நிமிரும்போது தலையில் இடிக்கும், அதனால் குட்டை மூக்கே நல்லது. நம் ஊர் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், அதனால் வாயில் வலை வைத்த குழாய் என்றால் மாதம் ஒரு தரம் வலையைக் கழற்றி எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறவைக்கவேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள், "வீட்ல யாரு யாருண்ணே பொழங்குவீக?" என்று கேட்டாள். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நானும் எம் பொண்டாட்டியும்தாம்மா, அவளுக்கு முடக்குவாதம், விரலு மடங்காது" என்று சொன்னேன். என் வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது தாயி. அவள் பலகையின் ஓரத்திலிருந்த ஒரு குழாயைக் காட்டினாள், திருகுகிற பிடிக்குப் பதிலாக நீளமாக ஒரு நெம்பு வைத்தது. "அப்ப மதினிக்கு இதுதான்ண்ணே சரி. விரலே வேணாம், முழங்கையால தட்டுனாக்கூடத் தொறந்துக்கிரும். நீங்க தட்டிப் பாருங்க" என்றாள். நான் கையை மூடிக்கொண்டு மணிக்கட்டால் லேசாகத் தட்டினேன். கால் வட்டம் போய் நின்றது. ஒரு குழந்தையின் கன்னத்தைத் தட்டுகிற அளவுக்குத்தான் தட்டினேன். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. பக்கத்திலிருந்த அட்டைப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா மின்விசிறியைத் திருப்பிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்துவிட்டு, இது வேண்டாம், பழைய மாதிரித் திருகுகிற பித்தளைக் குழாயே கொடு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கட்டிக்கொடுத்தாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், அம்மா இரண்டு வருடமாகக் கேட்டது அந்த நெம்புக் குழாயைத்தான். உனக்குக்கூட ஒரு தடவை போனில் சொல்லியிருப்பாள். ஏதோ கல்யாண மண்டபத்தில் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி ஒன்று போடுங்கள் என்று கேட்டாள். பித்தளைக் குழாயை எவனாவது மாற்றுவானா, வாஷர் போனால் வாஷர் போட்டால் தீர்ந்தது, பஸ்ஸுக்கே மருத்துவம் பார்த்தவன் நான் என்று பெருமை பேசினேன். சொட்டுகிறது என்று நான் அதை இறுக்க இறுக்க அவளுக்குத் திருக வரவில்லை. துண்டைச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு திருகுவாள், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத்தான் பேப்பர் படிக்கப் போனேன். அப்படிப்பட்டவன் இப்போது அவள் போன பிறகு அதே நெம்புக் குழாயை வாங்கி மாட்டினால், அதைத் தொடுகிற ஒவ்வொரு தடவையும் அது என்னைக் கேட்காதா. அந்தப் பயத்தில்தான் பழையதையே வாங்கினேன். பஸ் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பஸ் ஆரப்பாளையம் தாண்டுவதற்குள் மடியிலிருந்த பை கனக்க ஆரம்பித்தது. உண்மையாகவே கனத்தது, தொடை மரத்துப்போனது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப் பஸ் பிடித்துத் திரும்பக் கடைக்குப் போனேன். முனீஸ்வரி பையைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, போன்ல கேட்டீகளா, மதினிக்குப் பிடிக்கலையாமா?" என்றாள். அவ இல்லம்மா, தை மாசத்தோட போயிட்டா என்றேன். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் நின்றார்கள், அவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு அவள் எழுந்து வந்தாள். "அப்ப இப்ப யாருக்குண்ணே மாத்துறீக?" என்று மெதுவாகக் கேட்டாள். எம் மக வாராம்மா என்றேன். நெம்புக் குழாயைப் பலகையிலிருந்தே கழற்றித் துடைத்துக் கொடுத்தாள், அந்த மாடலில் பெட்டியில் இருந்தது தீர்ந்துவிட்டதாம்.

தாயி, இதுவரைக்கும் எழுதியது எல்லாம் இதை எழுதுவதற்காகத்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னைக் கேட்டது நினைவிருக்கிறதா. ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்திருந்தாய், அம்மாவுக்கு நினைவு இல்லை. "எம்புட்டு நேரம்ப்பா ஆச்சு, விழுந்து எம்புட்டு நேரத்துல பாத்தீங்க?" என்று கேட்டாய். அஞ்சு நிமிசம் இருக்கும் தாயி என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப ஒங்க மேல ஒண்ணும் தப்பு இல்லப்பா, அஞ்சு நிமிசத்துல யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றாய். நீ நர்ஸ், கணக்குத் தெரிந்துதான் கேட்டாய், கணக்குத் தெரிந்துதான் ஆறுதல் சொன்னாய். நான் சொன்னது பொய். அஞ்சு நிமிசம் இல்லை. அன்றைக்குக் காலையில் எனக்கும் அவளுக்கும் அந்தக் குழாயை வைத்துத்தான் சண்டை. "இன்னைக்காச்சும் மாத்துங்க, எனக்கு விரலெல்லாம் விண்ணு விண்ணுனு தெறிக்குது" என்றாள். நான் எடுத்தெறிந்து பேசினேன், அவள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அப்போது எட்டரை மணி. தண்ணீர் விழுந்தது, வாளி நிறைந்தது, வழிந்தது. அவள் மூடவில்லை. வீம்புக்குத் திறந்துவிட்டிருக்கிறாள், மூடமுடியவில்லை என்று எனக்குக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். எட்டு நாற்பதுக்கு நீ போன் பண்ணினாய், அங்கே விடியற்காலம் மூன்று மணி, டூட்டியில் இடைவேளை என்றாய். அம்மாவிடம் கொடுங்கள் என்றாய். குளிச்சுக்கிட்டு இருக்கா, பெறகு பேசு என்றேன். "என்னப்பா மழையா அங்க, தண்ணி சத்தம் கேக்குது" என்று நீ கேட்டாய். ஒங்கம்மாதான், தொட்டியக் காலி பண்ணிக்கிட்டு இருக்கா என்று சொல்லிச் சிரித்தேன். நான் சிரித்தேன் தாயி.

போனை வைத்துவிட்டு இட்லி சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது, சரி, கோபம் தணிந்து மூடிவிட்டாள் என்று நினைத்தேன். கை கழுவப் போனால் அங்கேயும் தண்ணீர் வரவில்லை. தொட்டிதான் காலி. எழுந்துபோய் மோட்டாரைப் போட்டேன். போட்டதும் உள்ளே மறுபடியும் தண்ணீர் விழ ஆரம்பித்தது. அப்போதுதான் எனக்கு ஆத்திரம் வந்து, நிப்பாட்டுடி என்று ஒரு சத்தம் போட்டேன். பதில் இல்லை. பதில் இல்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை, முறைத்துக்கொண்டு இருக்கிறாள் என்று திரும்ப நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். காலில் ஈரம் பட்டது. குனிந்து பார்த்தால் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் நடைக்கு வந்திருந்தது, அவள் துண்டு போய்ச் சாக்கடை வாயை அடைத்திருக்கிறது. கதவை உதைத்துத் திறந்தபோது ஒன்பதே கால். எப்போது விழுந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வாளி நிறைந்ததும் மூடும் வழக்கமுள்ளவள் மூடவில்லையே, அப்போதே விழுந்திருக்கவேண்டும். முக்கால் மணி நேரம். பத்தடி தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் கேட்டபோதும் இப்போதுதான் என்றேன். மூளையில் ரத்தக்கசிவு, அதனால் விழுந்தாரா, விழுந்ததால் கசிந்ததா என்று சொல்லமுடியாது என்றார் அவர். சீக்கிரம் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பொய் வெளியே வந்துவிடும். பிழைத்திருப்பாளா என்பது நர்ஸான உனக்குத்தான் தெரியும். நீ சொன்ன அந்த ஆறுதல் வார்த்தையை இத்தனை நாளும் திருடின பொருள் மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறேன். உன் போனில் நீ கூப்பிட்ட நேரம் இருக்கும், ஆம்புலன்ஸுக்குச் சொன்ன நேரம் சோணையம்மாளுக்குத் தெரியும். நீயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்காமல் இருக்கிறாயோ என்றும் சில நாள் தோன்றும். ஒன்று மட்டும் சொல்கிறேன். தண்ணீர்ச் சத்தம் நீயும் கேட்டாய் என்று இதைப் படித்துவிட்டு உன்னைப் போட்டு அரித்துக்கொள்ளாதே. ஆறாயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு நீ என்ன சத்தம் என்று கேட்டாய். பக்கத்திலிருந்த நான் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அருள்பாண்டி வந்து புதுக் குழாயை மாட்டினான். உடைந்த டைல்ஸுக்கு ஒத்த நிறம் கிடைக்கவில்லை, கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும். பூட்டையும் எடுத்துவிட்டேன். அன்றும் மறுநாளும் ஒரு சத்தமும் இல்லை, நானும் அதிலேயே குளித்தேன், முழங்கையால்தான் திறந்தேன். சரி, ஓய்ந்தது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், அதே எட்டரை மணி, கணீரென்று வெறும் வாளியில் தண்ணீர் விழுந்தது. நான் இந்தத் தடவை கதவைத் திறக்கவில்லை. நாற்காலியை எடுத்துப் போட்டுக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். தாமரை என்று அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, இப்போது உனக்கு எழுதியிருப்பதை எல்லாம் ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். நான் கேட்டேன், எனக்குக் கேட்டது, எழுந்து வரவில்லை என்று சொன்னேன். சொன்னால் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. வாளி நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அவளிடம் சொல்வதில் எனக்கு என்ன கஷ்டம், அவள் எழுந்து வந்து என்னைக் கேட்கப்போவதில்லை. கேட்கிற ஆள் நீ. உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன், உன்னிடம்தான் சொல்லவேண்டும் என்று அப்போது பட்டது. மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்து, இது நாலாவது.

இதைப் படித்த பிறகு உனக்கு என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசவேண்டாம். இரண்டு நாளோ பத்து நாளோ எடுத்துக்கொள், போன் வராவிட்டால் எனக்குக் காரணம் தெரியும், நான் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யமாட்டேன். ஆனால் திதிக்கு வந்துவிடு. அது உன் அம்மாவுக்கு, எனக்காக இல்லை. இந்த வீட்டில் தங்க மனசு வராவிட்டால் சோணையம்மாள் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறது, கேட்டு வைத்திருக்கிறேன், காரணம் சொல்லவில்லை. என்னிடம் கேட்கவேண்டியதை எல்லாம் நேரில் கேள். எத்தனை தடவை கேட்டாலும் எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன், இனி மாற்றிச் சொல்லமாட்டேன். மாப்பிள்ளையிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். வரும்போது பிள்ளைக்கு இங்கத்து வெயிலுக்கு மெல்லிசான பருத்திச் சட்டையாக எடுத்து வை, காது அடைக்காமல் இருக்க விமானத்தில் ஏதாவது சப்பக் கொடு. நீயும் இராத்திரி டூட்டி பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு படுக்காதே, உன் முகம் வாடிப்போயிருக்கிறது. நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல் நல்லா இருக்கவேண்டும், அம்மாவின் புண்ணியம் உன்னோடு இருக்கும்.

ஒரே ஒரு விஷயம் மறக்காதே. பாத்ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடட்டுமா என்று அருள்பாண்டி கேட்டான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ குளிக்கும்போது கதவைச் சும்மா சாத்திக்கொள், யாரும் வரமாட்டார்கள், நான் நடையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். நடுவில் நடுவில் உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். நீ சின்னப் பிள்ளை இல்லை, உனக்கு எரிச்சல் வரும். வந்தாலும் பரவாயில்லை. நான் கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும், இருக்கேன்ப்பா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
நல்லகாமன்